பிளாக் டைக் ஆலையாரின் பித்தளை வாத்தியக் குழு

சென்ற தைத்திங்களில் நம் சங்கத்து ஆண்டுவிழா ஊர்வலம் நிகழ்ந்தபோது, பாண்டு வாத்தியக்காரர் பன்னிருவர் முன்னே சென்று முழக்கியதை அன்பர்கள் மறந்திரார். ஊர்வலம் மண்டபம் புகுந்ததும் நாமெல்லாம் இலைமுன் அமர்ந்தோம். வாத்தியக்காரரோ வாயிற்பந்தலின் ஓரத்தே கருவிகளை மடியிற் கிடத்தி வாளா இருந்தனர். மூன்றாம் பந்தி எழுந்த பின்னரே ஒருவர் சென்று அவர்களை உண்ண அழைத்தார். அவ்வொருவர் யாம் அல்லேம் என்பதை எழுத நாணுகின்றோம்.

பிற்பாடு, குழுவில் மூத்தவராகிய கார்னெட்காரரோடு சிறிது நேரம் பேசியிருந்தோம். முப்பது ஆண்டாக வாசிப்பவர். பாட்டனார் காலத்துக் கருவியையே இன்றும் வைத்திருப்பவர். கூலி போதுமா என்று வினவினோம். அவர் கூறியது வேறு: “ஐயா, கலியாணத்துக்கும் வாசிக்கிறோம், இழவுக்கும் வாசிக்கிறோம். நன்றாயிருந்தது என்று சொல்லவும் ஆளில்லை. சுருதி பிசகிற்று என்று கண்டிக்கவும் ஆளில்லை. அதுதான் ஐயா குறை.”

அவ்வுரை எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. இக்கருவிகள் எங்கிருந்து வந்தன, அவற்றை ஊதிய எளிய மக்கள் வேற்று நாட்டில் எந்நிலை எய்தினர் என்று அறிய விழைந்து, நூல்கள் சிலவற்றைத் தேடிப் படித்தோம். படித்தவற்றுள் எம் உள்ளத்தைக் கவர்ந்தது, இங்கிலாந்து தேயத்து யார்க்ஷயர் நாட்டில் ஒரு கம்பளி ஆலையைச் சார்ந்து வளர்ந்த பிளாக் டைக் என்னும் பாண்டின் வரலாறு. அதனை நம் அன்பர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் கருவியின் இயல்பு அறியற்பாலது. நம் முன்னோர் இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் என வகுத்தனர். பாண்டுக் கருவி பொருளாற் கஞ்சத்தொடு சேரும், தொழிலால் துளைக்கருவியேயாம். திருக்கோயில்களில் ஊதப்பெறும் கொம்பும் எக்காளமும் தாரையும் இவ்வினத்தனவே. ஆயினும் கொம்பில் இராகம் வாசிப்பாரைக் கண்டதுண்டோ? இல்லை. என்னை? குழலின் நீளம் ஒன்றேயாயின், உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் எழுப்பத்தகும் சுரங்கள் ஒருசிலவே. அவற்றின் இடையே பெரும் பெரும் வெற்றிடங்கள் உள. போர்ப்படையில் ஊதும் ‘பியூகிள்’ என்பதும் இக்குறையுடையது. 1810-இல் டப்ளின் நகரில் ஜோசப் ஹாலிடே என்னும் படைவீரர் பியூகிளிற் சாவிகளை அமைத்து இக்குறையை ஒருவாறு நீக்கினார். பின்னர் ஜெர்மானியர் இருவர் வால்வு என்னும் பொறியைக் கண்டனர். 1818-இல் அதற்கு உரிமைப் பட்டயமும் பெற்றனர். விரலால் ஒரு வால்வை அழுத்தினால் காற்று வேறொரு சிறு குழல் வழியாகவுஞ் சுற்றிச் செல்லும். ஆகவே குழல் நீண்டு சுரம் தாழும். முதல் வால்வு ஒரு முழுச்சுரமும், இரண்டாவது அரைச்சுரமும், மூன்றாவது ஒன்றரைச் சுரமும் தாழ்த்துவன. மூன்று விரல்களால் எல்லாச் சுரமும் கைவந்தன. இவ்வாறாகப் பேசாத கொம்பு பேசக் கற்றது.

பெல்ஜியத்திற் பிறந்து பாரிசில் வாழ்ந்த அடால்ப் சாக்ஸ் என்பார், 1840-ஆம் ஆண்டுகளில் இக்கருவிகளை ஒரு குடும்பம்போல் சிறியதும் பெரியதுமாக ஒரே வடிவில் இயற்றினார். டிஸ்டின் என்னும் தந்தையும் மக்களும் அவற்றை வாங்கி இங்கிலாந்தின் ஊர்தோறும் வாசித்துக் காட்டினர். வடநாட்டு ஆலைத் தொழிலாளர் அவ்வோசையில் மயங்கினர்.

நம் நாட்டிற்கும் பாண்டு பிற்காலத்துப் புதுவரவன்று. தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் அரண்மனையில் ஐரோப்பிய வாத்தியக் குழு இருந்தது. முத்துசுவாமி தீட்சிதரவர்களோ வெள்ளையர் பாண்டில் வழங்கிய மெட்டுக்களைக் கேட்டு, அவற்றிற்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். ‘நோட்டுசுவரம்’ என வழங்குவன அவை. அத்துணைப் பெரியார் செவிசாய்த்துக் கேட்டதை நாம் பந்தற்காலோடு நிறுத்தினோம். இது நிற்க.

குவீன்ஸ்பரி என்பது பிராட்போர்டு நகரை அடுத்த ஒரு மேட்டூர். கடல்மட்டத்திற்கு ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தே, ஓயாத காற்றும் மழையும் உடையது. அக்காலத்தில் அதன் பெயர் குவீன்ஸ்ஹெட். 1816-இல் பீட்டர் வார்ட்டன் என்பவர் ஆங்கு ஒரு வாத்தியக் குழு அமைத்தார். பித்தளைக் கருவியும் நாணற்சீவாளி பொருந்திய கருவியும் விரவியது அது. அதில் பிரெஞ்சு ஹார்ன் ஊதிய இளைஞருள் ஜான் பாஸ்டர் என்பார் ஒருவர். அவர் பின்னாளில் வாணிகத்தில் உயர்ந்து, அவ்வூரிலேயே பிளாக் டைக் என்னும் கம்பளி ஆலையை நிறுவினார். அல்பாக்கா, மோஹேர் முதலிய உயர்ந்த மயிர்நூல் ஆடைகளால் அவ்வாலை உலகப் புகழ் பெற்றது. ஊரிலிருந்த பாண்டு ஆளும் பொருளுமின்றி நலிந்து அவர் உதவியை நாடியபோது, 1855-இல் அவர் அதனை ஆலையின் குழுவாக்கிக் கைக்கொண்டார். ஆலையிற் நெய்த துணியாலேயே சீருடை தைக்கப்பெற்றது.

ஈண்டு ஒன்று கூறுவோம். செல்வர் கலையைப் புரப்பது எந்நாட்டினும் உண்டு. ஆனால் இவர் ஒருகாலத்தில் தாமே கருவி தாங்கி ஊதியவர்; அடுக்கில் நின்று பிறர் சுரத்தொடு தம் சுரத்தை இயைத்தவர். அத்தகையார் புரக்கும்போது கொடுக்குங் கை சிறிது தாழ்ந்து நின்று கொடுக்கும் என்பது எம் கருத்து.

எல்லாக் குழுவிற்கும் இத்தகைய முதலாளி வாய்த்திலர். பெரும்பாலான ஊர்களில் நெசவாளரும் சுரங்கத் தொழிலாளரும் தாமே கூடி, வாரந்தோறும் சில பென்னிகள் இட்டு, கருவி செய்வாரிடம் தவணைக்கடனாக வாங்கினர். ஊரில் வாசித்துப் பெற்ற பொருளாலும் போட்டியில் வென்ற பரிசாலும் அக்கடனைத் தீர்த்தனர். 1850-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தால் நெசவாலைகளிற் சனிக்கிழமை பிற்பகல் ஓய்வு கிடைக்கத் தொடங்கிற்று. இருப்புப்பாதையும் ஊர்தோறும் வந்தது. ஓய்வும் வண்டியும் வந்த பின்னரே போட்டியும் வந்தது.

அப்போட்டியின் வரலாறு சுவையுடையது. 1845-இல் ஹல் நகரின் அருகே பர்ட்டன் கான்ஸ்டபிள் மாளிகையில் ஒரு பிரபு நடத்திய விழாவில், குழுவிற்குப் பன்னிருவர் என்னும் வரையறையோடு ஒரு வாத்தியப் போட்டி நிகழ்ந்தது. அவ்விழாவை அறிந்த எண்டர்பி ஜாக்சன் என்னும் இளைஞர், மெழுகுவத்தி செய்வார் ஒருவரின் மகனார். உழவர் கண்காட்சியில் நல்ல காளைக்கும் நல்ல விளைவிற்கும் பரிசளித்து அவற்றைப் பெருக்குகின்றனரே, நல்ல வாசிப்பிற்கும் அவ்வாறு பரிசளித்தால் என்ன என்று அவர் எண்ணினார். எளிய எண்ணந்தான். ஆயின் அவ்வெண்ணத்தின் பயனாக, 1853-ஆம் ஆண்டு செப்டெம்பரில் மாஞ்செஸ்டர் நகரத்துப் பெல்வியூ என்னும் விலங்குப் பூங்காவில் எட்டுக் குழுக்கள் போட்டியிட்டன. கேட்க வந்தோர் ஏறக்குறைய 16,000 பேர். மாஸ்லி என்னும் சிற்றூரின் மதுவிலக்குச் சங்கத்தார் குழு முதற்பரிசு கொண்டது.

பதினாறாயிரவர் என்பதை அன்பர்கள் ஊன்றி நோக்குக. அவர்கள் மன்னர் அவையினர் அல்லர்; நூல் நூற்போரும் நிலக்கரி தோண்டுவோருமாவர்.

தொடக்கத்தில் அவரவர் விரும்பியதை வாசித்தனர். 1855 முதல் எல்லாக் குழுவும் ஒரே உருப்படியை வாசிக்கவேண்டும் என்னும் விதி ஏற்பட்டது. பெரும்பாலும் வெர்டி, டோனிசெட்டி, ராசினி, வெபர் முதலிய பெரும் புலவர்களின் இசைநாடகங்களினின்று தொகுத்த பகுதிகளே அவ்வாறு விதிக்கப்பெற்றன. நாடக அரங்கின் வாயிலையும் மிதியாத தறிக்காரர், இத்தாலிய இசையைத் திங்கட்கணக்கில் மாலைதோறும் பயின்றனர். கதாநாயகி பாடவேண்டிய பாட்டைக் கார்னெட் பாடும். நாயகன் பகுதியை யூபோனியம் பாடும். ஊர்ச் சிறுவரும் அப்பாட்டை வழியில் முணுமுணுத்துத் திரிந்தனராம். பள்ளிக்கூடத்தில் இருபதாண்டு கற்பித்தும் ஒரு செய்யுளை மாணவர் வழியிற் பாடக் கேளாத எமக்கு இது பொறாமை தருவதே.

இக்குழுக்களில் இன்னொரு நுட்பமும் உண்டு. சிறிய கார்னெட் முதல் பெரிய பாஸ் வரை, ஒரு டிராம்போன் ஒழிய, எல்லாக் கருவிக்கும் இசை ஒரே வகைக் குறிப்பில் எழுதப்பெறும். ஆகவே ஒருவர் நோயுற்றால் மற்றொருவர் அவர் கருவியை எடுத்து வாசித்தல் எளிது. முதியவர் பல் இழந்து கார்னெட் ஊத இயலாதாயின் பெரிய கருவிக்கு மாறிக் குழுவிலேயே நிலைத்திருக்கலாம். ஊரார் நூற்றுவருள் இருபத்துநால்வரைத் தேடவேண்டிய சிற்றூர்க்கு இஃது எத்துணை உதவி!

1860 ஜூலைத் திங்களில் ஜாக்சன் இலண்டன் மாநகரத்துப் பளிங்கு மாளிகையில் இரண்டு நாட் போட்டி நடத்தினார். குறைந்த கட்டணத்தில் தனி இரயில்களில் வடநாட்டார் வந்து குவிந்தனர். முதல்நாட் பரிசு நம் பிளாக் டைக் குழுவினதாயிற்று. இரண்டாம்நாட் பரிசை வேல்ஸ் நாட்டு இரும்பாலையைச் சார்ந்த சைபார்த்பா குழு பெற்றது. போட்டி முடிந்தபின் ஏறக்குறைய 1,400 பேர் ஒருங்கு நின்று வாசித்தனர். கண்ணாடிக் கூரையின்கீழ் அவ்வோசை எவ்வாறிருந்திருக்கும் என்று எண்ணுந்தோறும் உடல் சிலிர்க்கின்றது.

போட்டிநாள் நிகழ்ச்சியைச் சிறிது விரித்துரைப்போம். குழுவினர் இரவெல்லாம் பயணம் செய்து விடியலில் வந்திறங்குவர். வாசிக்கும் முறையைச் சீட்டுக் குலுக்கி எடுப்பர். முதற்சீட்டு எடுத்தவர் முகம் வாடும். நடுவர் செவி சூடேறுமுன் வாசிக்க யார்தாம் விரும்புவர்? நடுவரோ திரையிட்ட கூடாரத்துள், அல்லது மூடிய பெட்டிபோன்ற சிற்றறையுள் அடைக்கப்பட்டிருப்பர். எக்குழு வாசிக்கின்றது என்பது அவர்க்குத் தெரிதல் கூடாது. ஊர், பெயர், சீருடை, புகழ் யாதொன்றும் அவர் கண்ணிற் படாது. ஓசை ஒன்றே உட்புகும். குழுவின் எண்ணைக் குறித்து, வாசிப்பின் குற்றங்குணங்களை எழுதிக்கொண்டே வருவர். கேட்போரிற் பலர் இசைக்குறிப்பைக் கையில் விரித்து, ஒவ்வோர் அடியாகத் தொடர்வர். ஒரே உருப்படியை இருபது குழுவும் வாசிக்க, இருபது முறையும் சலியாது அமர்ந்து, ‘பதினோராம் குழுவின் டிராம்போன் அவ்விடத்துத் தளர்ந்தது’ என்று தம்முள் வாதிடுவர். பாண்டுக்காரரைச் சிறக்கச் செய்தது பரிசுப்பணம் அன்று. இவ்வாறு கேட்போரே என்பது எம் துணிபு.

பிளாக் டைக் குழு 1862, 1863-ஆம் ஆண்டுகளிற் பெல்வியூவில் முதற்பரிசு பெற்றது. பின்னர் 1879, 1880, 1881 என மூன்றாண்டும் தொடர்ந்து வென்றது. மூன்றுமுறை அடுத்தடுத்து வென்றார் அடுத்த ஆண்டு போட்டியிடாது ஒதுங்கவேண்டும் என்பது அக்கால விதி. அவர்க்குத் தனிப்பதக்கம் உண்டு. அம்மூன்றாண்டின் தொடக்கத்தே தான் குவீன்ஸ்பரிக்கு இரயில் வந்தது. ஆனால் நிலையமோ ஊருக்கு ஏறக்குறைய 400 அடி தாழ்வில், பள்ளத்தாக்கில் இருந்தது. வென்று மீண்டாலும் தோற்று மீண்டாலும் பெருங்கருவிகளைச் சுமந்து அம்மேட்டை ஏறியே தீரவேண்டும். வென்ற நாளில் அம்மேடு எத்துணைச் சிறிது, தோற்ற நாளில் எத்துணைப் பெரிது என்பதை ஏறியவரே அறிவர்.

போட்டியின் தீமையையும் மறைத்தல் தகாது. வெல்லவேண்டும் என்னும் வெறியால், சில குழுக்கள் வேற்றூரிலிருந்து கைதேர்ந்தாரைக் கூலிக்கு அமர்த்தி, தம் ஊரார்போல் நிறுத்தின. ஆண்டு முழுதும் பயின்ற ஊர்ப்பிள்ளை போட்டியன்று ஒதுங்கி நிற்க, நேற்று வந்தவர் அவன் நாற்காலியில் அமர்வார். இதனைத் தடுக்க வாசிப்பார் பெயர்களைப் பதிவு செய்யும் முறையும் பிற விதிகளும் தோன்றின. நடுவர் தீர்ப்பைக் குறித்த பூசல்களோ எண்ணில. இன்னும், ஓர் உருப்படியையே ஆறு திங்கள் அரைத்து அரைத்துப் பிற இசையை மறந்தோரும் உளர். தேர்விற்கே படிக்கும் மாணவரை நாடோறுங் காண்கின்ற எமக்கு இந்நோய் புதிதன்று.

1900-இல் ஜான் ஹென்றி ஐல்ஸ் என்பார், ஆர்தர் சல்லிவன் என்னும் இசைப்புலவரின் துணைகொண்டு, பளிங்கு மாளிகையில் தேசியப் போட்டியைத் தொடங்கினார். ‘ஆயிரம் கினிக் கோப்பை’ அதன் பரிசு. முதலாண்டில் டென்டன் ஊரார் வென்றனர். 1902-இல் பிளாக் டைக் வென்றது. 1906-இல் அக்குழு கானடாவிற்கும் அமெரிக்காவிற்கும் சென்று வாசித்தது. ஆலையிற் கம்பளி வாருவோர் கடல் கடந்து கலைஞராய் வரவேற்கப் பெற்றனர்.

அதுகாறும் பிறர் இசையைத் தொகுத்தே வாசித்த இவர்க்கென்று, 1913-இல் பெர்சி பிளெட்சர் தேசியப் போட்டிக்குப் புத்திசை ஒன்று இயற்றினார். ‘உழைப்பும் அன்பும்’ என்பது அதன் பெயர்ப்பொருள். 1928-இல் ஹோல்ஸ்ட்டும், 1930-இல் எல்கரும் இவர்க்கென எழுதினர். எல்கர் அந்நாட்டு இசைவாணருள் தலைமை பெற்றவர். தம் உருப்படியைப் பெர்னார்டு ஷாவிற்கு உரிமையாக்கினார். ஷா நேரில் வந்து அமர்ந்து குழு குழுவாகக் கேட்டார். அவ்வாண்டு வென்றது வண்டி செய்யும் பாடன் ஆலையாரின் குழு.

1936 நவம்பர் 30-ஆம் நாள் இரவு பளிங்கு மாளிகை தீக்கிரையாயிற்று. 1945 முதல் தேசியப் போட்டியின் இறுதிச்சுற்று ஆல்பர்ட் மண்டபத்திற்கு மாறியது. ஆங்கு 1947, 1948, 1949 மூன்றாண்டும் வென்றது பிளாக் டைக். பெல்வியூப் போட்டியும் 1981 வரை அங்கேயே நடந்து, பின் வேறிடம் பெயர்ந்தது. 1968-இல் பீட்டில்ஸ் என்னும் பாட்டுக்குழுவின் பால் மெக்கார்ட்னி, இவர்கள் ஊருக்கு அண்மையிலேயே வந்து தம் மெட்டு ஒன்றை இவர்களைக்கொண்டு பதிவு செய்தார் என்பதை இளைஞர் பொருட்டு ஈண்டுச் சேர்க்கின்றோம்.

இனிக் கூறவேண்டுவது துயரம் கலந்தது. 1989-இல் பாஸ்டர் குடும்பப் பெயர் தாங்கிய வாணிகக் கழகம் குவீன்ஸ்பரி ஆலையை விட்டு நீங்கியது. தறியோசை அடங்கிற்று. நூற்றுமுப்பது ஆண்டுக்கு மேலாகத் தாங்கிய ஆலை போயின் குழு என்னாகும்? கொடி பற்றிய கொம்பு முறிந்தால் கொடியும் வீழும் என்பது நாம் அறிந்தது. இக்கொடி வீழவில்லை. அதற்குள் குழு ஊரின் உடைமையாய், உலகெங்கும் கேட்போரை உடையதாய் வேரூன்றியிருந்தது. பழைய வாத்திய அறையிலேயே தொடர்ந்து பயின்றது, இன்றும் போட்டியிடுகின்றது.

இதனினும் உருக்கமானது கிரைம்தார்ப் என்னும் சுரங்க ஊரின் செய்தி. அவ்வூர்க் குழு 1917-இல் தோன்றியது. 1992 அக்டோபர் 13-ஆம் நாள், முப்பத்தொரு நிலக்கரிச் சுரங்கங்களை மூடப்போவதாக அந்நாட்டு அரசினர் அறிவித்தனர். கிரைம்தார்ப்பும் அவற்றுள் ஒன்று. நான்கு நாள் கழித்து ஆல்பர்ட் மண்டபத்தில் தேசியப் போட்டி. பிழைப்புப் போகும் என்னும் செய்தியை நெஞ்சிற் சுமந்து, கருவியை உதட்டில் வைத்தனர் அக்குழுவினர். நடுவர் திரைக்குள்ளே இருந்தனர். வாசிப்போர் யார், அவர் துயரம் யாது என்பதை அறியார். கிரைம்தார்ப்பே முதற்பரிசு பெற்றது. அடுத்த ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. 1996-இல் இதனைத் தழுவிய திரைப்படம் ஒன்றும் வெளிவந்தது. அதற்கு வாசித்ததும் அக்குழுவே.

அவ்வெற்றி இரக்கத்தால் வந்ததென்று ஒருவரும் கூற இயலாது. திரை அதற்குச் சான்று.

யார்க்ஷயர், லங்காஷயர் எல்லையில் சாடில்வொர்த் முதலிய சிற்றூர்களில், பெந்தெகோஸ்தே திருநாளை அடுத்த வெள்ளிக்கிழமையில் 1884 முதல் வேறொரு வகைப் போட்டி நிகழ்கின்றது. குழுக்கள் வண்டியேறி ஊரூராகச் சென்று, தெருவில் அணிவகுத்து வாசித்து, மறைந்திருக்கும் நடுவர்முன் ஓர் உருப்படி வாசித்து, உடனே அடுத்த ஊருக்கு விரையும். பெரும்புகழ் வாய்ந்த குழுவும் பள்ளிச் சிறுவர் குழுவும் ஒரே தெருவில் ஒன்றன்பின் ஒன்றாய் வரும். ஊரார் வீட்டுவாயிலில் நாற்காலி இட்டு இரவு வரையும் கேட்பர். நம் ஊர் நான்கு வீதியிலும் இவ்வாறு ஒருநாள் நடத்தினால் என் என்று நம் சங்கச் செயலாளரிடம் கூறினோம். செலவுக் கணக்குக் கேட்டிருக்கின்றார், எழுதிக் கொடுத்துள்ளோம்.

இவ்விதழின் ஒரு படியை அக்கார்னெட்காரர்க்கும் கொண்டுபோய்க் கொடுக்கவிருக்கின்றோம். அவர்க்குக் கண் சற்று மங்கல். பேரன் படித்துக் காட்டுவானாம். அவர் வாசிப்பில் ஊர்வலத்தன்று இரண்டாம் தெருத் திருப்பத்தில் சுருதி பிசகியதையும், கோயில்வாயிலில் அவர் தனித்து ஊதியது மிக நன்றாயிருந்ததையும் நேரிற் சொல்வோம்.